எட்டு பூஜ்யமான மத்தியானம்

பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். குளத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கருப்பையாவின் தகரக் கொட்டகையில் நானும் அவரும் வேர்வை வழிய உட்கார்ந்திருந்தோம். எதிரே ஆள் உயரத்தில் ஓர் இரும்பு அலமாரி. அதன் வயிற்றுக்குள் இரண்டு காற்றாடிகள் உறுமிக்கொண்டிருந்தன. சூடான தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை.

அந்த அலமாரிதான் கம்ப்யூட்டர். இப்போது எல்லார் சட்டைப் பையிலும் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைந்த திறமை உள்ளது. அந்தக் காலத்தில் அதற்கு மினி கம்ப்யூட்டர் என்று பெயர். ஒரு பெரிய அறையை அடைக்காமல் ஒரு மூலையை மட்டும் அடைத்ததால் மினி.

காலையிலிருந்து ஒழுங்காக ஓடியது. மெமரியைச் சோதிக்க நான் ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தேன். பூஜ்யம் முதல் ஒன்பது வரை உள்ள எண்களை வரிவரியாக மெமரி முழுக்க எழுதி வைக்க வேண்டும். பிறகு எழுதியதை அப்படியே திருப்பி வாசித்துத் திரையில் காட்ட வேண்டும். காலை முழுக்க ஒரு வரிகூடப் பிசகவில்லை. பச்சை எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது கருப்பையாதான் முதலில் பார்த்தார்.

“சார், எட்டக் காணோம்.”

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சில வரிகளில் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். இன்னும் சில வரிகளில் ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. மற்ற எண்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

கருப்பையா ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் என் முன்னால் நின்றுகொண்டு இதே கோளாறைத்தான் சொன்னாள். நான் அவளை நம்பவில்லை.

அலமாரி வந்த வழி

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் தொழில் தெரியும். கம்ப்யூட்டர் விற்ற ஒரு கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயராக இருந்தேன். திருச்சியில் ஆபீஸ். தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடி என்று கையில் ஒரு டூல் பெட்டியோடு பஸ்ஸில் அலைவதுதான் வேலை. ஓய்வு பெற்று இப்போது புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்தில் இருக்கிறேன்.

போன வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் போன் வந்தது.

“வணக்கம் சார். நான் குளத்தூருக்குப் பக்கத்துல இருந்து கருப்பையா பேசுறேன். ஒங்களுக்கு என்னையத் தெரியாது. நடேசன்னு ஒரு கையெழுத்து இருக்கு சார். அது நீங்களான்னு கேக்கத்தான்.”

கருப்பையா ஷார்ஜாவில் இருபது வருடத்துக்கு மேல் லிப்ட்டும் ஏசியும் பார்த்தவர். ஊர் திரும்பியதும், மூடிக் கிடந்த ஒரு நூல் மில்லின் கிடங்கை நெல் மூட்டை அடுக்குவதற்காக வாங்கியிருக்கிறார். குப்பையைக் கிளறியபோது ஒரு மூலையில் சாக்குக்குக் கீழே இந்த அலமாரி. கதவின் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் சர்வீஸ் ரிப்போர்ட்டுகள், எல்லாவற்றிலும் என் கையெழுத்து. புதுக்கோட்டையில் டிவி ரிப்பேர் கடைகளில் விசாரித்து என் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டார்.

“பழைய இரும்புக்கு ஆள் வந்து கேட்டுட்டான் சார். எனக்குத்தான் மனசு வரல. ஒருக்கா லைட்டு எரியுதான்னு பாத்துட்டு அப்பறம் போட்டுருவோமே.”

ஒருக்கா பார்ப்பதற்காகப் போனவன், சித்திரை வரைக்கும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் நாள் அந்த உறையில் இருந்த தாள்களை வெளியே எடுத்தேன். மேலே இருந்த ஒன்றை மட்டும் படித்தேன். இன்ன தேதியில் காற்றாடி மாற்றப்பட்டது என்று இருந்தது. மீதியைப் படிக்காமல் உறைக்குள் திரும்ப வைத்தேன். கீழே என்ன தாள் இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிக்கத் தோன்றவில்லை.

ஒவ்வொரு போர்டாக

இப்படிக் கிடந்த மெஷினை நேராகப் பிளக்கில் சொருகினால் புகைதான் வரும். முதலில் எல்லா போர்டுகளையும் கழற்றினோம். மொத்தம் ஒன்பது. கணக்குப் போடும் போர்டு இரண்டு, மெமரி போர்டு நான்கு, மீதி மூன்றும் எக்ஸ்பான்ஷன் போர்டுகள். டிஸ்க்கோடு பேச ஒன்று, டெர்மினல் திரைகளோடு பேச ஒன்று, பிரிண்டரோடு பேச ஒன்று.

எலி ஒன்று அடிப்பாகத்தில் குடும்பம் நடத்தியிருந்தது. பஞ்சும் காகிதமுமாக அதன் கூட்டைக் கருப்பையா இரண்டு கையாலும் அள்ளி வெளியே போட்டார். பவர் சப்ளையை மட்டும் தனியாக எடுத்து, ஒரு நூறு வாட் குண்டு பல்பை வழியில் போட்டுக் கரண்ட் கொடுத்தோம். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்புதான் பளிச்சென்று எரியும், மெஷின் தப்பிக்கும். இதை நான் சொல்லும் முன்பே கருப்பையா பல்பை மாட்டிவிட்டார். ஷார்ஜாவில் அவரும் அப்படித்தான் செய்வாராம்.

போர்டுகளின் ஓரத்தில் தங்க முலாம் பூசிய பற்கள் உண்டு. அந்தப் பற்கள்தான் பின்பலகையின் பள்ளத்தில் போய் உட்காரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தோம். ரப்பர்த் தூள் கறுப்பாக உதிர்ந்தது. எட்டு ரப்பர் தேய்ந்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சொருகினோம். ஒரு போர்டு, மின்சாரம், வோல்டேஜ் அளவு. அணைத்துவிட்டு அடுத்த போர்டு. முன்பலகையில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. கருப்பையா கை தட்டினார். ஆனால் டெர்மினல் திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினேன். டெர்மினல் போர்டில் இருந்த சிப்புகளை ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. ஒரு காலையில் பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. அந்த மெஷினில் ஒரு சமிக்ஞை ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்குக் கைமாறிக்கொண்டே போகும். கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களே, அது மாதிரி. நடுவில் ஒருவர் இல்லையென்றால் செங்கல் அங்கேயே நின்றுவிடும். நாங்கள் போர்டுகளைத் திரும்பச் சொருகும்போது நடுவே ஒரு பள்ளத்தைக் காலியாக விட்டிருந்தோம்.

“அம்புட்டுத்தானா சார்?” என்றார் கருப்பையா.

அவ்வளவுதான். டெர்மினல் போர்டை ஒரு பள்ளம் தள்ளிச் சொருகியதும் திரையில் ஒரு பச்சைக் கட்டம் வந்து கண் சிமிட்டியது. எனக்கு அறுபத்தாறு வயது. சின்னப் பையன் மாதிரி கொட்டகைக்கு வெளியே போய் நின்று மூச்சு விட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு மறுநாள்தான் மெமரி சோதனை. எட்டு காணாமல் போன மத்தியானம்.

தெய்வானை சொன்னது

அந்த நூல் மில்லில் அப்போது தெய்வானை என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அவளுடைய அண்ணன் வீரையா அதே மில்லில் எலக்ட்ரீஷியன். அவர் சொல்லித்தான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது.

ஒவ்வொரு நாளும் வண்டியில் ஏற வேண்டிய நூல் மூட்டைகளின் லாட் நம்பர்களை அவள் அடிப்பாள். சாயங்காலம் பிரிண்ட் எடுப்பாள். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கிடங்கில் மூட்டை ஏற்றுவார்கள்.

ஒரு தடவை இருநூற்றுப் பதினெட்டாம் லாட் போக வேண்டிய இடத்தில் இருநூற்றுப் பத்து போய்விட்டது. இரண்டும் வேறு வேறு பஞ்சு. நெய்து முடிக்கும் வரை யாருக்கும் தெரியவில்லை. சாயம் போட்டதும் துணி முழுக்கக் கோடு கோடாக விழுந்துவிட்டது. சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. மில்லில் பெரிய ரகளை. மெஷின் தப்பா, ஆள் தப்பா என்று பார்த்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள்.

நான் காலை ஒன்பது மணிக்கு அந்த அறைக்குள் போனேன். ஏசி ஜிலுஜிலுவென்று ஓடிக்கொண்டிருந்தது. தெய்வானை எழுந்து நின்றாள். கையில் ஒரு நோட்டு.

“சார், நான் எட்டுன்னுதான் அடிக்கிறேன். சாயங்காலம் பிரிண்ட் எடுத்தா பூஜ்யமா வருது. ஒம்பது அடிச்சா ஒண்ணா வருது. வேற எந்த நம்பரும் மாறல சார். எப்பவும் இப்புடி ஆகல. மத்தியானத்துக்கு மேல என்னைக்காச்சும்தான் ஆகுது. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன், பாருங்க.”

நான் நோட்டை வாங்கிப் புரட்டினேன். புரட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். படித்தேன் என்று சொல்ல முடியாது.

“கீபோர்டுல எட்டுக்கு ஒண்ணு தள்ளித்தான் பூஜ்யமும் இருக்கு. வேகமா அடிக்கிறப்ப வெரல் தவறும்” என்றேன்.

ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒன்று இல்லை. அது கீபோர்டின் மறுகோடியில் இருக்கிறது. இதை அவள் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மெமரிக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று நாற்பது நிமிடம். இன்னொன்று ஐந்து மணி நேரம் ஓடும். கோளாறு வந்து வந்து போகிறது என்று யாராவது சொன்னால் நீளச் சோதனையைத்தான் ஓட விட வேண்டும். சென்னையில் பயிற்சியின்போது அதைத்தான் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் நாற்பது நிமிடச் சோதனையை ஓட விட்டேன்.

ஏன் என்று பல தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சீக்கிரம் முடிப்பவன் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. மானேஜர் வேறு கதவுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தார். என்ன பதில் வேண்டும் என்பது அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் போதும்.

சோதனை சுத்தமாக முடிந்தது. ரிப்போர்ட் எழுதினேன். பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அடுத்த தடவை போனபோது தெய்வானை இல்லை. அந்த நாற்காலியில் வேறொருவர். “அந்தப் பொண்ண நிப்பாட்டிட்டாங்க சார்” என்றார். நான் மேலே எதுவும் கேட்கவில்லை. அவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டு, பட்டியலைக் காலையிலேயே எடுக்கப் பழகிவிட்டார்கள் என்று தெரிந்தது. பிறகு அந்தப் புகார் வரவே இல்லை.

ஹேர் டிரையர்

கொட்டகையில் அன்று நான் எழுந்து கதவின் உறையிலிருந்து தாள்களை எல்லாம் எடுத்தேன். அடியிலிருந்து மூன்றாவது தாள். புகார் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் இருந்தது: எட்டு பூஜ்யமாகவும் ஒன்பது ஒன்றாகவும் சில வேளை மாறுகிறது. அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே: மெமரி சரி. ஆபரேட்டர் எரர்.

கருப்பையாவிடம் தாளைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இத்தனை வருடம் சும்மா கிடந்த சிப் இப்போதுதான் கெட்டிருக்கலாம் அல்லவா? எனக்கும் அந்த ஆசை இருந்தது. அதனால் முறையாகவே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான்கு மெமரி போர்டுகளை இடம் மாற்றிச் சொருகினோம். கோளாறு மூன்றாவது போர்டோடு கூடவே நகர்ந்தது. மற்ற மூன்றும் சுத்தம். மூன்றாவது போர்டின் நம்பரைச் சர்வீஸ் தாளில் ஒப்பிட்டேன். மெஷின் வந்த நாளிலிருந்து அதை யாரும் மாற்றவில்லை.

மறுநாள் விடியற்காலை குளிர்ச்சியில் ஆரம்பித்தோம். கருப்பையா தன் மகளின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்திருந்தார். போர்டில் வரிசையாக இருந்த சிப்புகளில் ஒவ்வொன்றின் மேலும் காகிதக் குழாய் வழியாகச் சூடு காட்டினோம். முதல் வரிசை முழுக்க ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வரிசையில் நான்காவது சிப்பின் மேல் சூடு பட்டதும் திரையில் எட்டு பூஜ்யமானது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை அதன் மேல் வைத்தேன். குளிர்ந்ததும் எட்டு திரும்ப வந்துவிட்டது. பதினோரு தடவை செய்தோம். பதினோரு தடவையும் அதே.

ஓர் எழுத்தையோ எண்ணையோ மெமரி, எரிந்தோ அணைந்தோ இருக்கும் எட்டுப் புள்ளிகளாக வைத்துக்கொள்ளும். எட்டுக்கும் பூஜ்யத்துக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் அதே புள்ளிதான். சூடு ஏறினால் அந்தச் சிப் அந்தப் புள்ளியைத் தவற விட்டது. விரல் தவறினால் இப்படி வராது. இதைத் தெரிந்துகொள்ள ஹேர் டிரையர்கூடத் தேவையில்லை. நோட்டைப் படித்திருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மூன்றாம் நாள் அவள் சொன்னாள்.

“என்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? அந்தப் பொண்ணு இருக்கான்னு விசாரிங்க. இருந்தா நேர்ல போய்ச் சொல்லுங்க.”

திருமயம்

கருப்பையாதான் விசாரித்தார். மில்லில் வேலை பார்த்த ஒருவர் வழியாகச் செய்தி கிடைத்தது. தெய்வானை திருமயத்தில் வாழ்க்கைப்பட்டு, தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறார்.

நான் தனியாகப் போனேன். பஸ்ஸில் மூன்று தடவை இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

சின்னக் கடை. தெய்வானை ஒரு பெரியவருக்குப் பட்டா மனு அடித்துக்கொண்டிருந்தார். அடித்து முடித்ததும் சர்வே நம்பரை ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்தார். பெரியவரையும் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு மறுபடி ஒரு தடவை. பெரியவருக்குச் சலிப்பு. “சரியாத்தேன் இருக்கும்மா” என்றார். “இருக்கட்டும்யா, இன்னொருக்கா பாத்துக்கிருவோம்” என்றார் இவர்.

பெரியவர் போனதும் நான் என் பெயரைச் சொன்னேன். மில்லின் பெயரையும் சொன்னேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தெரியுது சார். உக்காருங்க.”

உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். மெஷின் கிடைத்தது, எட்டு மாறியது, சிப்பைக் கண்டுபிடித்தது, நான் அன்றைக்கு நீளச் சோதனையை ஓட விடாதது, எல்லாம். அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“மத்தியானம் சூட்டுல ஆச்சா?”

“ஆமாம்மா.”

“நான் சொன்னேன்ல, மத்தியானத்துக்கு மேலன்னு.”

“சொன்னீங்க.”

அவர் எழுந்து ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. மூடினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

“வேல போனது போச்சு சார். அதுக்காக நான் சோறு இல்லாமப் போயிரல. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மொதல்ல ஒரு வருசம் நான் தப்பா அடிக்கலன்னு எல்லார்கிட்டயும் சண்ட போட்டேன். அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இன்ஜினீயரே பாத்துச் சொல்லிட்டாரே, அப்ப நம்ம வெரல்தான் போலன்னு. அந்த நோட்ட நானே அடுப்புல போட்டேன். இப்பவும் ஒரு நம்பர் அடிச்சா மூணு தடவ படிப்பேன். வர்றவுங்க எல்லாம் சிரிப்பாங்க.”

நான் மன்னிப்புக் கேட்டேன். எழுதும்போது அது ஒரு வரி. கேட்கும்போது இரண்டு தடவை பாதியில் நிறுத்தித் திரும்ப ஆரம்பித்தேன்.

அவர் திரும்பினார். கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். கலங்கவில்லை. கோபம்தான் இருந்தது.

“என்கிட்ட நீங்க சொன்னது சரி. இது பத்தாது. எங்க அண்ணன்கிட்ட வந்து சொல்லணும்.”

“வீரையாவா?”

“அதுதான் எனக்கு வேல வாங்கிக் குடுத்துச்சு. ஒன்னால தலகுனிஞ்சு நின்னேன்னு அன்னைக்குச் சொன்னுச்சு. அதுக்கப்பறம் வீட்டுல ஒரு கல்யாணப் பத்திரிக நான் அடிச்சாலும், தேதிய வேற யாராச்சும் ஒருக்கா பாத்துருங்கப்பான்னு நாலு பேருக்கு முன்னாடி சொல்லும். என் மக கல்யாணத்துக்கும் சொன்னுச்சு. அன்னையில இருந்து நான் அங்கிட்டுப் போறதில்ல. ஆறு வருசமாச்சு.”

கடையை அப்போதே பூட்டினார். “வாங்க, இப்பவே போயிருவோம். நாளைக்குன்னா நான் வர மாட்டேன்.”

வீரையாவின் வீடு

புதுக்கோட்டையில் பஸ் மாறி, குளத்தூர்ப் பக்கம் அண்ணன் ஊரில் இறங்கும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வழி முழுக்க நாங்கள் அதிகம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், “ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?” என்று கேட்டார். ஒரு மகன் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

வீரையாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். வாசலில் வேப்ப மரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டேபிள் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் கையில் இருந்த திருப்புளி அப்படியே நின்றது.

“வா ஆத்தா” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்தக் கணத்தில் எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை.

“அண்ணே, இவரு ஒண்ணு சொல்லணும்னு வந்துருக்காரு. முழுசும் கேளு” என்றார் தெய்வானை. உட்காரவில்லை.

நான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. மெமரி போர்டு, சூடு, சிப். உங்கள் தங்கை ஒரு எண்ணைக்கூடத் தப்பாக அடிக்கவில்லை. நான் சரியாகப் பார்க்காமல் எழுதிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

வீரையா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திருப்புளியின் பிடியைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“முழுக்க ஒங்களது இல்ல சார்” என்றார்.

தெய்வானை அவரைப் பார்த்தார்.

“அந்த ரூம் ஏசிய யாரு பாத்தான்னு நெனைக்கிறீக? நான்தான். மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்டு போகும். ஜெனரேட்டர் போட்டா மில்லு ஓடுறதுக்கே பத்தாது. ஏசிய நிப்பாட்டிருன்னு மானேஜர் சொன்னாரு. தெனமும் நிப்பாட்டுவேன். உள்ள இருக்குறவுகளுக்கு வேக்காடாத்தான் இருக்கும். இவகூடச் சொல்லுவா.”

“வேக்காடா இருக்குன்னுதான் சொன்னேன்” என்றார் தெய்வானை. குரல் மெல்ல வந்தது.

“நிப்பாட்டக் கூடாதுன்னு ஒங்க கம்பெனி அட்ட ஒண்ணு செவுத்துல ஒட்டியிருந்துச்சு சார். அத நான் படிச்சிருக்கேன். நீங்க வர்ற அன்னைக்கு, விடியக் காலையில இருந்தே ஓடவிடுன்னு மானேஜர் சொன்னாரு. ஓடவிட்டேன். நீங்க உள்ள போனீக. நான் ஜன்னலுக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தேன். கேப்பீகளான்னு பாத்தேன். ஏசி எப்பவும் ஓடுமான்னு ஒரு வார்த்த நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு நெனச்சுக்கிருவேன். சொல்லியிருப்பேனான்னு எனக்குத் தெரியல. எனக்கு அப்ப மூணு புள்ளைங்க.”

நான் கேட்கவில்லை. ஜிலுஜிலுவென்று இருக்கிறதே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

வேப்ப மரத்தில் ஒரு காக்கை இறங்கி உட்கார்ந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. தெய்வானை அசையாமல் நின்றார்.

“அப்பறம் ஏண்ணே, போற எடமெல்லாம் என்னைய அப்புடிச் சொன்ன?”

வீரையா நிமிர்ந்தார். திருப்புளியைக் கீழே வைத்தார்.

“ஒன் மேல தப்புன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் ஆத்தா எனக்குத் தூக்கம் வந்துச்சு. சொல்லச் சொல்ல அதுதான் நெசம்னே ஆயிப்போச்சு.”

நான் அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் நகரவும் முடியவில்லை. என்னால் ஆரம்பித்தது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை நின்று பார்க்க வேண்டியவன் நான்தான் என்றும் பட்டது.

தெய்வானை அழுதுவிடுவார், அல்லது திரும்பி விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, அண்ணனுக்கு நேர் எதிரே, முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டார். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

“நீங்க கெளம்புங்க சார்” என்றார் என்னைப் பார்க்காமல். “வந்து சொன்னீங்க. அது போதும். கடைசி பஸ் எட்டரைக்கு இருக்கு, நான் அதுல வந்துக்கிருவேன்.”

நான் வீரையாவுக்குக் கும்பிடு போட்டேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் தெய்வானையின் குரல் கேட்டது. கடையில் சர்வே நம்பரைப் படித்த அதே நிதானமான, உரத்த குரல்.

“சரி, இப்பச் சொல்லு. நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”